வாரத்தில் ஒரு பீரியட் கொடுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்டு இதை எழுதுகிறேன். மேல் வகுப்பு மாணவிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, கீழ் வகுப்பு மாணவிகளுக்குத் துணையாக நிற்க வையுங்கள். அதற்கு வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம், பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், கால அட்டவணைக்குள்ளேயே ஒரு பீரியட். நான் நெடுநாளாக ஆசிரியை. இப்படி ஒரு மாணவிகள் குழுவுக்குப் பொறுப்பாகவும் இருந்திருக்கிறேன். ஒரு பீரியடை விட்டுக்கொடுப்பது எந்தப் பள்ளிக்கும் எளிதில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஒரு பெண் பிள்ளையின் 11 வயது முதல் 14 வயது வரையிலான காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உடம்பு மாறுகிறது. வகுப்பு மாறுகிறது. நேற்று வரை ஒட்டிக்கொண்டிருந்த தோழி இன்று வேறு பெஞ்சில் போய் உட்காருகிறாள், ஏன் என்று சொல்வதில்லை. உடையில் கறை பட்டிருக்குமோ என்ற பயத்தில் ஒருத்தி ஒரு பாடவேளை முடிந்து அடுத்தது வந்தாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் வரை கணக்கில் முந்திக்கொண்டு பதில் சொன்னவள், இந்த வருடம் விடை தெரிந்தும் கையைத் தூக்குவதில்லை. இன்னொருத்தியின் போட்டோ அவளுக்குத் தெரியாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் சொன்னால் தன்னையே திட்டுவார்களோ, படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். ஆசிரியரிடம் சொன்னால் விஷயம் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று ஆசிரியையான என்னால் சொல்ல முடியாது.

கூடப் படிக்கும் தோழியிடம் சொல்லலாம்தான். ஆனால் அவளும் அதே குழப்பத்தின் நடுவில் நிற்பவள். இதையெல்லாம் இரண்டு மூன்று வருடம் முன்பு தாண்டி வந்த ஒருத்தி வேண்டும். தாண்டி வந்தது அவளுக்கு இன்னும் மறந்திருக்காது. பெரியவர்களான நமக்கு மறந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நம் வாயில் சட்டென்று வந்துவிடும். பத்தாம் வகுப்பு அக்கா அப்படிச் சொல்லமாட்டாள். "எனக்கும் இப்படி ஆச்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

கணக்கில் கை தூக்காமல் போன பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவள் தயக்கம் ஏழாம் வகுப்பில் திடீரென்று முளைத்ததாக இருக்காது. 2017-ல் லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் ஆகியோர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிக மிகப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிய கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று கேட்டால், 5 வயதில் ஆண் குழந்தைகள் ஆணையும் பெண் குழந்தைகள் பெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டினார்கள். 6, 7 வயதுக்குள் பெண் குழந்தைகள் தங்கள் பாலினத்தைச் சுட்டுவது குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் பெண்கள்தான் என்று சொன்னார்கள்! அதாவது, நன்றாகப் படிப்பவள் என்று தன்னை நம்புகிறாள், அறிவாளி என்று நம்புவதில்லை. இதை நாம் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மதிப்பெண் நன்றாகவே இருக்கும்.

தன்னைப் போன்ற ஒரு மூத்தவள் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. அது கல்லூரியில் நடந்தது, பள்ளியில் இல்லை. ஆனாலும் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் பொறியியல் முதலாண்டு மாணவிகள் 150 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு மேல் வகுப்பு மாணவி ஒருத்தியை வழிகாட்டியாகக் கொடுத்தார்கள், சிலருக்கு மேல் வகுப்பு மாணவன், மீதிப் பேருக்கு யாரும் இல்லை. முதலாண்டு முடிவில், மாணவன் வழிகாட்டியாக இருந்தவர்களில் 18 சதவீதம் பேரும் வழிகாட்டியே இல்லாதவர்களில் 11 சதவீதம் பேரும் பொறியியலை விட்டுவிட்டார்கள். மாணவி வழிகாட்டியாக இருந்தவர்களில் ஒருத்திகூட விடவில்லை. இது 2017-ல் வெளியானது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஒரு வருடத் துணையின் பலன் பட்டம் வாங்கும் வரை நின்றது என்று காட்டியது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறொன்று. அந்த மாணவிகளைத் தங்க வைத்தது கூடுதல் மதிப்பெண் இல்லை. 'நானும் இந்த இடத்துக்கு உரியவள்தான், என்னால் முடியும்' என்ற எண்ணம் அவர்களிடம் குறையாமல் இருந்தது. மதிப்பெண்ணுக்கு நம் பள்ளிகளில் சிறப்பு வகுப்பு உண்டு, தனித்தேர்வு உண்டு. இந்த எண்ணத்துக்கு என்ன இருக்கிறது?

மூத்த பிள்ளையை வைத்து இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவது பழைய வழிதான். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மூத்த பையன்களை வைத்துச் சின்னவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் பள்ளிகளில் பரவியது. அதற்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். ஆனால் நான் கேட்கும் மூத்த மாணவி சட்டாம்பிள்ளை வேலைக்கு வருபவள் இல்லை என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, சீருடை சரிபார்ப்பது, வீட்டுப்பாடம் வாங்கி வைப்பது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் சொல்வது, இதில் ஒன்றைக்கூட அவளிடம் கொடுக்காதீர்கள். ஒரு முறை உளவு சொன்னாள் என்று தெரிந்தால் போதும், எந்தப் பிள்ளையும் அதற்குப் பிறகு அவளிடம் வாய் திறக்காது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? முதல் மதிப்பெண் வாங்குபவளையும் மேடையில் நன்றாகப் பேசுபவளையும்தான் நம் கை தானாகவே காட்டும். அவர்களில் சிலர் நல்ல துணையாக இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோற்று மறுபடி எழுதித் தேறியவளும் வேண்டும். நடுவில் பள்ளி மாறி வந்து, யாரும் பேசாமல் பல நாள் தனியாகச் சாப்பிட்டவளும் வேண்டும். திக்கிப் பேசுபவள் வேண்டும். கீழ் வகுப்புப் பிள்ளைகளையே கேளுங்கள், "மேல் வகுப்பில் யாரிடம் பேச உனக்குப் பயமில்லை?" என்று. அவர்கள் எழுதித் தரும் பெயர்களில் சில உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பெயர்களை நம்புங்கள். அப்புறம், விருப்பமில்லாத மாணவியை இழுக்க வேண்டாம். வந்தவளும் நடுவில் தாங்க முடியவில்லை என்றால், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

கீழ் வகுப்பில் இருந்து யாரைச் சேர்ப்பது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். 'பிரச்சினை உள்ள பிள்ளைகள்' என்று பட்டியல் போட்டு அவர்களை மட்டும் ஓர் அறையில் உட்கார வைக்காதீர்கள். அது அவர்கள் நெற்றியில் முத்திரை குத்துவதாகிவிடும். முத்திரையோடு நிற்பதும் இல்லை. தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்ஸ்வா பூலன் ஆகியோர் 1999-ல் எழுதிய கட்டுரை, தடம் மாறக்கூடிய வளரிளம் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து நடத்திய சில உதவித் திட்டங்கள் அந்தப் பிள்ளைகளின் நடத்தையை மேலும் கெடுத்ததை எடுத்துக்காட்டியது. ஒருவர் செய்ததைக் கேட்டு மற்றவர் சிரித்து ரசிப்பதே ஊக்கமாகிவிடுகிறது. ஆகவே ஒரு வகுப்பு என்றால் அந்த வகுப்பின் எல்லாப் பெண் பிள்ளைகளும். ஒரு மூத்த மாணவிக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

இனி பயிற்சி. இங்கேதான் பல பள்ளிகள் கோட்டை விடுகின்றன. நல்ல மனசு இருந்தால் போதும், பிள்ளைகள் பேசிப் பேசியே தெளிந்துவிடுவார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. அமாண்டா ரோஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 2002-லிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். இரண்டு தோழிகள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி, அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தால் நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகிறது என்று அவர் கண்டார். 2007-ல் வந்த அவருடைய தொடர் ஆய்வில் பெண் பிள்ளைகளிடம் இரண்டுமே சேர்ந்து கூடியது தெரிந்தது. நாள் முழுக்கச் சேர்ந்து அழுவதை நாம் துணை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதனால் மூத்த மாணவிக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது கேட்பது. குறுக்கே பேசாமல், தன் கதையை ஆரம்பித்து அவள் கதையை மூடிவிடாமல் கேட்பது. எங்கள் குழுவில் இதற்கே நிறைய நேரம் போனது. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருத்தி பேச, மற்றவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேட்க வேண்டும் என்று வைத்தோம். எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. அடுத்தது, கேட்ட பிறகு பேச்சைச் சின்னதாக ஒரு செயலை நோக்கித் திருப்புவது. "சரி, நாளைக்கு நீ முதலில் என்ன செய்யலாம்?" என்ற ஒரு கேள்வி. தோழி பேசாமல் போனதைப் பற்றி மணிக்கணக்காக அலசுவதைவிட, "நாளை மதியம் என்னோடு உட்கார், அப்புறம் அவளிடம் நேராகப் போய்க் கேட்கலாமா என்று யோசிப்போம்" என்பது நல்லது. கணக்கு வரவில்லை என்பவளிடம், "எந்த வரியில் நின்றுபோச்சு, காட்டு" என்பது நல்லது.

மூன்றாவது, ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பது. இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லுங்கள், குழுவின் முதல் நாளும் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மூத்த மாணவி ஒருநாளும் சத்தியம் செய்யக் கூடாது. அவள் சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்: "நீ சொல்வதை வைத்து நான் யாரிடமும் வம்பு பேசமாட்டேன். ஆனால் உன்னை யாராவது துன்புறுத்தினாலோ, தொட்டாலோ, நீயே உன்னைக் காயப்படுத்திக்கொள்ள நினைத்தாலோ, நாம் இரண்டு பேரும் சேர்ந்து நம் மிஸ்ஸிடம் போவோம்." இதை வார்த்தை மாறாமல் சொல்லிப் பழக வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் வரும்போது யோசித்துப் பேச அவளால் முடியாது.

அந்த 'மிஸ்' யார் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் நம்பும் ஓர் ஆசிரியை. பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரும். ஏற்கெனவே ஏழு வேலை பார்ப்பவரின் தலையில் எட்டாவதாக இதை வைத்தால் ஒரு மாதத்தில் அவரும் ஓய்ந்துவிடுவார், குழுவும் ஓய்ந்துவிடும். அவருடைய பாடவேளையில் இதற்காகக் குறைத்துக்கொடுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிய வந்தால் உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டியது பல நாடுகளில் ஆசிரியர்களுக்குச் சட்டக் கடமை. 'பள்ளி பெயர் கெட்டுவிடும்' என்று அமுக்கப் பார்க்கும் நிர்வாகம் தயவுசெய்து இந்தக் குழுவைத் தொடங்கவே வேண்டாம். துணிந்து வாய் திறந்த பிள்ளையை இரண்டாவது முறையாகக் காயப்படுத்த நமக்கு உரிமை கிடையாது.

மூத்த மாணவியும் குழந்தைதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 15, 16 வயதுப் பெண் ஒருத்தி இன்னொரு பிள்ளையின் துயரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் படுத்திருப்பாள். வாரா வாரம் பொறுப்பாசிரியை மூத்த மாணவிகளோடு தனியாக உட்கார்ந்து, "இந்த வாரம் உனக்கு எது பாரமாக இருந்தது?" என்று கேட்க வேண்டும். இரவில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நாமே விதி போட்டுத் தர வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் அவளாக மறுக்கமாட்டாள்.

இப்போது காலம் பற்றி. இந்த மடலை எழுத வைத்ததே இதுதான். நம் பள்ளிகளில் மன்றங்கள் தொடங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். திறப்பு விழா நடக்கும், பேட்ஜ் குத்துவோம், போட்டோ எடுப்போம், இரண்டு கூட்டம் நடக்கும், அரையாண்டுத் தேர்வு வரும், அத்தோடு சரி. சுற்றுச்சூழல் மன்றம் அப்படி நின்றுபோனால் மரக்கன்று வாடும். இது அப்படி நின்றால் ஒரு பிள்ளை வாடும். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர் ஒருவரின் துணை கிடைத்த பிள்ளைகளைப் பற்றியது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்த துணையால்தான் மிக அதிகப் பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. பள்ளி மாணவர்களே வழிகாட்டிகளாக இருந்த ஒரு திட்டத்தை ஆராய்ந்த மைக்கேல் கார்ச்சரும் 2005-ல், மூத்தவர்கள் ஒழுங்காக வராமல் போவது இளையவர்களின் தன்மதிப்பைப் பாதிப்பதைக் கண்டார். யோசித்துப் பார்த்தால் இது புரியக்கூடியதுதான். 'நான் வருவேன்' என்று சொன்ன அக்கா வரவில்லை என்றால், அந்தப் பிள்ளை தேர்வு கால அட்டவணையையா காரணமாக நினைக்கும்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கும்.

ஆகவே ஒரு முழுக் கல்வியாண்டுக்கு உறுதி சொல்ல முடிந்தால் தொடங்குங்கள். முடியாது என்றால், முடியும் வருடத்தில் தொடங்குங்கள். கடைசி வருடப் பொதுத்தேர்வுக்குப் படிப்பவர்களை மூத்தவர்களாக எடுக்காதீர்கள், அவர்களால் வர முடியாது. அதற்கு முந்தைய வகுப்பு மாணவிகளை எடுங்கள். வருட முடிவில் பிரிவதையும் திட்டமிடுங்கள். கடைசிச் சந்திப்பு எது என்று இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பீரியடை மட்டும் சிறப்பு வகுப்புக்கோ தேர்வுத்தாள் கொடுக்கவோ எடுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி தராதீர்கள். இந்த ஒரு காவல் வேலையைத் தலைமையாசிரியரான நீங்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

"ஆண் பிள்ளைகளுக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், அவர்களுக்கும் தனியாக ஒன்று தொடங்குங்கள். ஆனால் அது தயாராகும் வரை இதை நிறுத்தி வைக்காதீர்கள். பெற்றோருக்குச் சந்தேகம் வரும். அவர்களைக் கூட்டி, குழுவில் என்ன பேசுவார்கள், எது அவர்களுக்குத் தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்று திறந்து சொல்லிவிடுங்கள். மாதவிடாய் பற்றிப் பேசுவார்களா என்று கேட்டால் ஆம் என்று நேராகச் சொல்லுங்கள். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் அறை, கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற அறையாக.

முதல் வருடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். தேர்ச்சி விகிதம் ஏறியதா என்று கேட்டு அறிக்கை வாங்காதீர்கள். கழிப்பறை போக அனுமதி கேட்கக் கூசிய பிள்ளை கேட்கிறாளா, அடிக்கடி விடுப்பு எடுத்தவள் வருகிறாளா, வகுப்பில் எத்தனை பெண் பிள்ளைகள் கை தூக்குகிறார்கள், இவற்றைக் கவனித்தால் போதும். இரண்டு மூன்று வருடம் போனால் ஒன்று நடக்கும். அன்று தங்கையாக வந்து உட்கார்ந்தவளே, "மிஸ், இந்த வருடம் நான் அக்காவாக வரட்டுமா?" என்று கேட்டு நிற்பாள். காம்ஃபெட் என்ற அமைப்பு 1993-ல் ஜிம்பாப்வேயில் கிராமத்துப் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கியது. அதன் உதவியால் படித்த பெண்கள் 1998-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் பலர் தங்கள் பகுதிப் பள்ளிகளுக்கே திரும்பிப் போய் இளைய மாணவிகளுக்கு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்திப் போனவர்கள் இல்லை.

அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணையை நீங்கள் போடப் போகிறீர்கள். மொழிப்பாடம், கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் இதற்கு இடம் தேடினால் இடம் இருக்காது. அந்த ஒரு பீரியடை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை நிரப்புங்கள். பொறுப்பாசிரியை யார் என்று விடுமுறைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பயிற்சிக்குப் பள்ளி திறக்கும் முதல் இரண்டு வாரத்தை ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை